அடம் ஓர் உணர்ச்சியல்ல

வணக்கம். என் மகனுக்கு நாலரை வயது. எதற்கெடுத்தாலும் அடம். அடுக்கிய கட்டைகளைத் தங்கை தட்டிவிட்டாள் என்று நேற்றும் பத்து நிமிடம் அடம், அலறல், எறிதல். கோபத்தை அடக்கக் கூடாது என்று படித்ததால் ஒரு தலையணையைக் கொடுத்துக் குத்தச் சொன்னேன். இப்போது அதையும் குத்துகிறான், தங்கையையும் குத்துகிறான். அடம் பிடிக்கும்போது தனி அறையில் விடலாமா? உணர்ச்சி முகங்கள் போட்ட அட்டை வாங்கலாமா?

கே.

அன்புள்ள கே,

அட்டை வாங்கினாலும் சரி, வாங்காவிட்டாலும் சரி. தனி அறை வேண்டாம்; பயந்து வாயை மூடிக்கொள்வான், நீங்கள் அடங்கிவிட்டான் என்று நினைப்பீர்கள். தலையணையை இன்றே கட்டிலில் போடுங்கள். கொட்டினால் காலியாக, கோபம் பானைத் தண்ணீர் இல்லை. 2002இல் உளவியலாளர் பிராட் புஷ்மன் வெளியிட்ட ஆய்வில், கோபமூட்டியவரை நினைத்தபடி குத்துப்பையைக் குத்தியவர்களுக்குத்தான் கோபம் அதிகமிருந்தது; சும்மா உட்கார்ந்திருந்தவர்களுக்குக் குறைவு. அவர்கள் கல்லூரி மாணவர்கள், இவன் குழந்தை. ஆனாலும் நீங்கள் கொடுத்திருப்பது குத்துவதற்கான பயிற்சி.

இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் வேறு. இத்தனை சிறிய கடிதத்தில் மூன்று இடத்தில் ‘அடம்’. கொஞ்ச நாளாகவே என்னை உறுத்தும் சொல் இது. அடம் என்பது நாம் படும் தொல்லைக்கு நாம் வைத்த பெயர்; அதில் குழந்தை படுவது எதுவும் இல்லை. எந்தக் குழந்தையாவது “எனக்கு அடமா இருக்கு” என்று சொல்லுமா? கோபமா இருக்கு, ஏமாற்றமா இருக்கு, பொறாமையா, கூச்சமா, அவமானமா, ஏக்கமா இருக்கு என்று சொல்லலாம். ரோஷம் என்றுகூட ஒன்று வைத்திருக்கிறோம். இவ்வளவு சொல் கைவசம் இருக்க, எல்லாவற்றின் மீதும் ஒரே மூடியைப் போட்டுவிட்டு, பிள்ளைக்கு மனதில் இருப்பதைச் சொல்லத் தெரியவில்லை என்கிறோம். யாரிடமிருந்து கற்றுக்கொள்வான்?

அந்தக் கட்டைகளையே எடுங்கள். உழைப்பு வீணான ஏமாற்றம் என்றால், தங்கைக்கு எட்டாத உயரத்தில் ஒரு மேசை போதும். அம்மா தங்கையை ஒன்றும் சொல்லவில்லையே என்ற குமுறல் என்றால் மேசை உதவாது. அவன் கண்ணெதிரில் நீங்கள் தங்கையிடம் பேசியாக வேண்டும். அடம் என்று பெயர் வைத்துவிட்டால் இரண்டுக்கும் ஒரே அதட்டல்தான்.

அலறலும் அழுகையும் ஒன்றல்ல. அலறல் சட்டென்று உச்சிக்குப் போய் இறங்கும். அழுகை அடியில் ஓடிக்கொண்டே இருக்கும். உச்சியில் கேள்வி கேட்காதீர்கள். கேள்வியைக் காதில் வாங்கிப் பதில் யோசிக்கும் நிலையில் அவன் இல்லை, ஒவ்வொரு “ஏன்டா?”வும் திரும்ப மேலே ஏற்றிவிடும். எறியக்கூடியதை நகர்த்துங்கள். ஒரு கை தூரத்தில், அவன் கண்ணுக்குக் கொஞ்சம் தாழ உட்காருங்கள். “அடிக்க விடமாட்டேன், பக்கத்துலதான் இருக்கேன்” என்று ஒரே ஒருமுறை. பிறகு வாயைத் திறக்கக் கூடாது. இதுதான் பெற்றோருக்குக் கஷ்டம். குரல் உடைந்து விம்மலாக மாறும், தோள் தளரும், ஓரக்கண்ணால் உங்களைப் பார்ப்பான். அப்போது நெருங்குங்கள்.

அப்போதும் ‘ஏன்’ வேண்டாம். ஊகித்து இரண்டு சொல் கொடுங்கள்: “கஷ்டப்பட்டுக் கட்டினது விழுந்துடுச்சேன்னு ஏமாற்றமா இருந்துச்சா, இல்ல பாப்பாவை நான் ஒண்ணும் சொல்லலைன்னு கோபமா?” “இல்ல!” என்று கத்தினால் நல்லது, உள்ளே தேடிப் பார்த்திருக்கிறான். அதற்குமேல் அறிவுரை வேண்டாம். சின்னக் குழந்தைகளின் ஆவேசம் பெரும்பாலும் ஐந்து நிமிடத்துக்குள் முடிவது; நீட்டுவது பல வீடுகளில் பெரியவர்களின் பேச்சு.

மெல்ல மூச்சு விடப் பழக்கச் சோப்புக் குமிழி நல்லது. வேகமாக ஊதினால் படலம் உடையும். மெல்ல, நீளமாக விட்டால்தான் குமிழி பெரிதாகும். தினம் ஐந்து குமிழி, விளையாட்டு நேரத்தில். அலறும்போது மட்டும் “மூச்சு விடு” என்றால் அவன் காதில் அது “வாயை மூடு”தான்.

ஒவ்வொரு முறையும் தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டாலோ, ஆவேசம் சராசரியாக 25 நிமிடத்தைத் தாண்டினாலோ குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். உங்கள் பத்து நிமிடத்துக்கு அது தேவையில்லை.

நேற்று நடந்ததை, அந்தச் சொல் இல்லாமல் இன்னொரு முறை எழுதி அனுப்புங்கள். கட்டை விழுந்ததும் நீங்கள் முதலில் யாரைப் பார்த்தீர்கள், என்ன சொன்னீர்கள் என்பதும் அதில் வரட்டும். இந்தக் கடிதத்தில் அது இல்லை.