லாகில் ஒன்றுமே இல்லை, ஆனால் கன்டெய்னர் செத்துப்போகிறது: கேள்வி பதில்

கன்டெய்னர்களை (ஆப்பையும் அது ஓடத் தேவையானவற்றையும் ஒன்றாகக் கட்டிய பெட்டிகளை) கிளவுடில் ஏற்றுவதும், அவை படுத்தால் நடுராத்திரியில் எழுந்து பார்ப்பதும்தான் என் பிழைப்பு. வந்த கேள்விகளில் பலருக்கும் உதவும் என்று பட்டவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: சார், நாங்கள் மொத்தமே மூன்று பேர். ஒரு பைத்தான் ஏபிஐ, ஒரு போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், அவ்வளவுதான். புதிதாகச் சேர்ந்தவர் குபெர்நெட்டீஸ் (பல மெஷின்களில் கன்டெய்னர்களை நிர்வகிக்கும் மென்பொருள்) போட்டே ஆகவேண்டும் என்கிறார். வேண்டுமா?

பதில்: வேண்டாம். அமேசானின் குபெர்நெட்டீஸ் சேவையான இகேஎஸ்ஸில் கிளஸ்டரை (மெஷின்களின் கூட்டத்தை) திறந்து வைத்தாலே மணிக்கு 10 சென்ட், மாதத்துக்கு 73 டாலர் பக்கம் வரும். உங்கள் ஆப் ஓடும் மெஷின் வாடகை அதில் சேராது. காசைக்கூட விடுங்கள், குபெர்நெட்டீஸில் வருடத்துக்கு மூன்று வெர்ஷன் வருகிறது. அந்த அப்கிரேடுக்கு மூவரில் ஒருவர் உட்கார வேண்டும். மெஷினை நீங்கள் பார்த்துக்கொள்ளாமலே கன்டெய்னரை ஓட்டித் தரும் கூகுளின் கிளவுட் ரன், அமேசானின் ஃபார்கேட், இரண்டில் ஒன்று உங்களுக்குப் போதும். கிளவுட் ரன்னில் ஆளே வராத நேரத்தில் கன்டெய்னர் இருக்காது, காசும் ஓடாது. ஆனால் வெகுநேரம் கழித்து வருகிற முதல் ஆள் கொஞ்சம் காத்திருக்க நேரும். டேட்டாபேஸை மட்டும் கன்டெய்னரில் வைக்காதீர்கள், கிளவுட்காரர்களே நடத்தித் தருவதை வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஜாவா ஆப். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை ரீஸ்டார்ட் ஆகிறது. லாகில் (ஆப் எழுதிவைக்கும் பதிவில்) பிழை எதுவும் இல்லை. எக்ஸிட் கோட் (எப்படி முடிந்தது என்று சொல்லும் எண்) 137 என்று மட்டும் காட்டுகிறது.

பதில்: லாகில் ஒன்றும் இல்லை என்பதே துப்புதான். 137 என்றால் 128 கூட்டல் 9. ஒன்பது என்பது லினக்ஸின் சிக்கில் சிக்னல், புராசஸை (ஓடும் புரோகிராமை) அந்த இடத்திலேயே கொல்லும் கட்டளை. அது வந்தால் கடைசியாக ஒரு வரி எழுதக்கூட நேரம் கிடைக்காது. குபெர்நெட்டீஸின் கியூப்சிடிஎல் டிஸ்கிரைப் கட்டளையைப் போட்டு, 'லாஸ்ட் ஸ்டேட்' பகுதியில் ஓஓஎம்கில்ட் என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் மெமரி லிமிட்டைத் தாண்டியிருக்கிறது. இல்லையென்றால் பெரும்பாலும் லைவ்னெஸ் புரோபின் (ஆப் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் சோதனையின்) வேலை, அது கீழே வருகிறது.

ஜாவாவில் இது அடிக்கடி நடக்கக் காரணம் ஒன்று உண்டு. லிமிட் 512 எம்பி, ஹீப்பும் (ஆப் தன் டேட்டாவை வைக்கும் மெமரி) 512 எம்பி என்று வைத்துவிடுவார்கள். ஜாவாவை ஓட்டும் ஜேவிஎம்முக்கு ஹீப் மட்டுமா? மெட்டாஸ்பேஸ், ஒவ்வொரு திரெட்டுக்கும் ஒரு ஸ்டாக், நெட்வொர்க் பஃபர் எல்லாம் அதற்கு வெளியே உட்கார்ந்திருக்கின்றன. ஹீப் நிறைவதற்கு முன்பே கன்டெய்னர் நிறைந்துவிடும். அதனால்தான் ஜாவாவின் அவுட் ஆஃப் மெமரி பிழை உங்கள் லாகில் வரவில்லை. ஹீப்பை எம்பி கணக்கில் கொடுக்காமல் மேக்ஸ் ராம் பர்சன்டேஜை 65, 70 என்று வைத்துப் பாருங்கள். ஜாவா 8 ஓடுகிறது என்றால் அப்டேட் 191க்கு முந்தையதா என்று பார்த்துவிடுங்கள். பழையது கன்டெய்னரின் லிமிட்டைப் பார்க்காது, மெஷின் மெமரி முழுவதும் தன்னுடையது என்று நினைத்துக்கொள்ளும்.

அப்புறம் கிராஃபானாவில் (அளவுகளை வரைந்து காட்டும் கருவி) ஒரு நாள் மெமரி வரைபடத்தைத் திறங்கள். மெமரி ஏறி ஒரு மட்டத்தில் நின்றால் லிமிட்டைக் கூட்டலாம். நிற்காமல் சாய்வாக ஏறிக்கொண்டே போனால் அது லீக், எடுத்த மெமரியை ஆப் திருப்பித் தருவதில்லை. அப்போது லிமிட்டைக் கூட்டினால், மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை சாவது ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை சாகும், அவ்வளவுதான்.

கேள்வி: லைவ்னெஸ் புரோபில் டேட்டாபேஸ் கனெக்ஷனையும் சேர்த்துச் சோதிக்கலாமா அண்ணா?

பதில்: கூடாது தம்பி. இந்தத் தப்பை நானே செய்திருக்கிறேன். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் யாரோ கனமான ரிப்போர்ட் ஒன்றை ஓட்ட, டேட்டாபேஸ் மந்தமானது. புரோபின் இயல்பு அமைப்பு பத்து விநாடிக்கு ஒரு சோதனை, ஒரு விநாடிக்குள் பதில் வேண்டும், தொடர்ந்து மூன்று தோல்வி என்றால் கொலை. அரை நிமிடத்தில் எல்லா கன்டெய்னரும் ஒன்றாக ரீஸ்டார்ட் ஆயின. எழுந்ததும் எல்லாம் சேர்ந்து புதுக் கனெக்ஷன் கேட்டன. மந்தமாக இருந்த டேட்டாபேஸ் அதோடு படுத்தேவிட்டது. 'இந்தப் புராசஸைக் கொன்றால் சரியாகுமா?' என்பதுதான் லைவ்னெஸ் கேட்கும் கேள்வி. டேட்டாபேஸ் மந்தமானதற்கு ஆப்பைக் கொன்று என்ன பயன்?

கேள்வி: புது வெர்ஷன் போடும்போதெல்லாம் சில விநாடிகள் 502 பிழை (பின்னால் இருக்கும் ஆப்பிடமிருந்து சரியான பதில் வரவில்லை என்பது) வருகிறது. ரோலிங் அப்டேட்தான் (பழையதைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுவது) வைத்திருக்கிறோம்.

பதில்: புதியது தயாராகும் முன்பே ஆட்களை அனுப்புவது ஒரு காரணம், ரெடினெஸ் புரோப் (தயாரா என்று பார்க்கும் சோதனை) வைத்தால் தீரும். எல்லோரும் கோட்டை விடுவது பழையது போகும் பக்கத்தில். போகச் சொல்லும் சிக்டெர்ம் சிக்னலும், 'இனி இதற்கு ஆள் அனுப்பாதே' என்ற தகவலும் ஒரே நேரத்தில் கிளம்புகின்றன. தகவல் எல்லா இடத்துக்கும் போய்ச் சேருவதற்குள் ஆப் கடையை மூடிவிட்டால் 502தான். பிரீஸ்டாப்பில் (கன்டெய்னரை நிறுத்தும் முன் ஓடும் கட்டளை) ஐந்தோ பத்தோ விநாடி ஸ்லீப் வையுங்கள். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும், ஆனால் வேலை செய்யும்.

இன்னொரு சோதனை: பழையதை டெலீட் செய்துவிட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள். கச்சிதமாக 30 விநாடி எடுத்தால் சிக்னல் உங்கள் ஆப்பைத் தொடவே இல்லை என்று சந்தேகப்படலாம். 30தான் இயல்பான அவகாசம், அது முடிந்ததும் சிக்கில். கன்டெய்னருக்கான செய்முறையான டாக்கர்ஃபைலின் கடைசி வரியைச் சதுர அடைப்புக்குறி இல்லாமல் எழுதியிருப்பீர்கள். அப்படி எழுதினால் முதல் புராசஸாக ஷெல் நிற்கும், வந்த சிக்னலை அது உங்கள் ஆப்புக்குக் கடத்தாமல் விட்டுவிடும்.

கேள்வி: இமேஜுக்கு (கன்டெய்னரை எழுப்பும் அச்சு) ஒவ்வொரு முறையும் லேட்டஸ்ட் என்ற ஒரே டேக் (பெயர்ச்சீட்டு) போதாதா?

பதில்: ராத்திரி இரண்டு மணிக்குப் பழைய வெர்ஷனுக்குப் போகவேண்டும் என்றால் எந்த லேட்டஸ்டுக்குப் போவீர்கள்? கோடின் மாற்றங்களைச் சேமிக்கும் கிட்டில், ஒவ்வொரு மாற்றத்துக்கும் கிடைக்கும் கமிட் எண்ணையே டேகாக வையுங்கள்.

கேள்வி: ஆப்பைக் கண்காணிக்கப் பிரோமிதியஸ் வைத்தோம். இப்போது ஆப்பைவிட அதுதான் அதிக மெமரி தின்கிறது!

பதில்: லேபிளில் (ஒவ்வொரு அளவின் மேலும் ஒட்டும் குறிச்சொல்) யூசர் ஐடி போட்டிருக்கிறீர்களா? லேபிள் மதிப்புகளின் ஒவ்வொரு சேர்க்கையும் பிரோமிதியஸுக்குத் தனி வரிசை, வரிசை கூடக் கூட மெமரியும் கூடும். 5 மெத்தட், 20 பாதை, 6 ஸ்டேட்டஸ் என்றால் அதிகபட்சம் 600 வரிசை. அதோடு 50,000 யூசரைச் சேர்த்தால் 3 கோடி வரை போகலாம். யார், எந்த ஆர்டர் என்பதெல்லாம் லாகில் இருக்கட்டும்.

கேள்வி: ஒரு நாளைக்கு இருநூறு அலர்ட். யாரும் பார்ப்பதில்லை.

பதில்: யாரும் பார்க்காதவற்றை அழித்துவிடுங்கள், தைரியமாக. சிபியு 80 சதவீதம் என்பதற்கு யாரையும் எழுப்பத் தேவையில்லை, காசு கொடுத்து வாங்கிய சிபியு உழைக்கட்டுமே. வாடிக்கையாளருக்குப் பிழை போகிறதா, பதில் தாமதமாகிறதா, டிஸ்க் இன்றிரவுக்குள் நிறைந்துவிடுமா, இவற்றுக்கு மட்டும் போன் அடிக்கட்டும். மற்றவை காலையில் டீ குடித்தபடி பார்க்கிற டாஷ்போர்டுக்கு.

கேள்வி: குபெர்நெட்டீஸ் சீக்ரெட்டை (பாஸ்வேர்டு போன்ற ரகசியங்களை) பேஸ்64 ஆக்கித்தான் கிட்டில் வைத்திருக்கிறோம். பாதுகாப்புதானே?

பதில்: இல்லை. பேஸ்64 பூட்டு கிடையாது, வேறு எழுத்தில் எழுதும் முறைதான், ஒரே கட்டளையில் யார் வேண்டுமானாலும் பிரித்துப் படிக்கலாம். ஃபைலை இப்போது நீக்கினாலும் பழைய கமிட்டில் அப்படியே கிடக்கும். முதலில் போய் டேட்டாபேஸ் பாஸ்வேர்டை மாற்றிவிட்டு வாருங்கள், மிச்சத்தை அப்புறம் பேசலாம்.