தேர்ச்சி விகிதத்தில் தெரியாதது

அன்புள்ள ஐயா,

அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் எடுக்கிறேன். 2018இல் புதிய பாடத்திட்டம் வந்தபோது புத்தகம் ரொம்பக் கனம் என்று புலம்பினோம். அப்புறம் தேர்ச்சி விகிதம் நன்றாக வந்தது, பாடத்திட்டம் வெற்றி என்று பேச்சு முடிந்துவிட்டது. ஒரு பாடத்திட்டம் சரியாக அமைந்திருக்கிறதா என்று வேறு எப்படித்தான் பார்ப்பது?

ம.

அன்புள்ள ம.,

பாடத்திட்டம் வகுப்பதும் கேள்வித்தாள் எடுப்பதும் ஒரே துறை. புத்தகம் கடினமானால் கேள்வியை எளிதாக்கிச் சமாளிக்கலாம். அப்படிச் செய்தார்கள் என்று சொல்லவில்லை. செய்திருந்தாலும் தேர்ச்சி விகிதத்தில் அது தெரியாது.

நான் முதலில் கேட்பது, எழுதியதை நடத்துகிறார்களா என்றுதான். பிளஸ் ஒன் பாடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பல தனியார் பள்ளிகள் அந்தப் புத்தகத்தை ஓரங்கட்டிவிட்டு, இரண்டு வருடமும் பிளஸ் டூ பாடத்தையே உருப்போட வைத்தன. அது ஊரறிந்த ரகசியம். பிளஸ் டூ மதிப்பெண்கள் கொட்டின. அந்த ஓட்டையை அடைக்கத்தான் 2017-18இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. 2025-26 முதல் அதை எடுத்துவிட்டார்கள். பிள்ளைகளுக்குச் சுமை குறைந்தது, நல்லதுதான். ஆனால் பிளஸ் ஒன் பாடம் இனி உண்மையில் நடக்கிறதா என்று எந்தத் தேர்வு முடிவும் சொல்லாது. யாராவது பள்ளிக்குப் போய் நோட்டைப் புரட்டிப் பார்த்தால்தான் உண்டு.

அடுத்தது, படித்தது பின்னால் நிற்கிறதா என்பது. 1930களில் அமெரிக்காவில் ‘எட்டாண்டு ஆய்வு’ என்று ஒன்று நடந்தது. சுமார் 30 பள்ளிகளிடம், உங்கள் பாடத்திட்டத்தை நீங்களே அமைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அங்கிருந்து வரும் பிள்ளைகளிடம் வழக்கமான சேர்க்கை நிபந்தனைகளை வற்புறுத்துவதில்லை என்று 300 கல்லூரிகள் போல ஒப்புக்கொண்டன. பிறகு அந்தப் பிள்ளைகளில் 1,475 பேரைக் கல்லூரிக்குள் தொடர்ந்து, ஒவ்வொருவருக்கும் இணையாக வழக்கமான பள்ளியில் படித்த ஒருவரைப் பொறுக்கி ஒப்பிட்டார்கள். புதிய பள்ளிப் பிள்ளைகள் பின்தங்கவில்லை, சற்று மேலாகவே இருந்தார்கள். அந்த ஆய்வில் மதிப்பீட்டுக் குழுவை நடத்தியவர் ரால்ஃப் டைலர். 1949இல் பாடத்திட்ட வடிவமைப்புக்கு அவர் நான்கு கேள்விகளை வைத்தார்: எதற்காகக் கற்பிக்கிறோம், அதற்கு என்ன அனுபவம் தரவேண்டும், அவற்றை எந்த வரிசையில் கோப்பது, நோக்கம் நிறைவேறியதை எப்படி அறிவது. நாம் முதல் கேள்விக்கு முன்னுரையில் பக்கம் பக்கமாகப் பதில் எழுதுவோம். நாலாவதைத் தேர்வுத் துறையிடம் தள்ளிவிடுவோம்.

இங்கும் அப்படி ஒன்று செய்யலாம். 2018இல் ஆறாம் வகுப்பில் புதிய புத்தகத்தோடு தொடங்கியவர்கள் 2025இல் பிளஸ் டூ முடித்து வெளியே வந்துவிட்டார்கள். நடுவில் கொரோனா புகுந்ததால் கணக்கு சுத்தமாக வராது. இருந்தாலும் கல்லூரியில் அவர்கள் எங்கே தடுக்குகிறார்கள் என்று பார்ப்பது, இன்னொரு தேர்ச்சி விகிதத்தைவிடப் பயனுள்ளது.

மூன்றாவது கேள்வியில், அதாவது வரிசையில், நீங்கள்தான் நிபுணர். பிளஸ் ஒன் இயற்பியலில் இரண்டாவது பாடமே இயக்கவியல். வெக்டர், வகையிடல், தொகையிடல் எல்லாம் அங்கேயே வேண்டும். கணக்குப் புத்தகத்திலோ இவை மூன்றும் இரண்டாம் தொகுதியில். எடுத்த எடுப்பிலேயே நீங்கள் கணக்கு வாத்தியாராக மாறவேண்டியிருக்கும். இயற்பியல் புத்தகம் ஒரு சுருக்க அறிமுகம் தருகிறது என்பது உண்மை. வகையிடலை முதன்முறை பார்க்கிற பிள்ளைக்கு அது போதுமா? இரண்டு புத்தகங்களையும் தனித்தனியாகப் பார்த்தால் குறை சொல்ல முடியாது. ஆசிரியர் குழுக்கள் இரண்டும் ஒரே மேசையில் உட்கார்ந்து மாதவாரியாக ஒத்துப் பார்த்திருக்கவேண்டும்.

இதுபோல இன்னும் எத்தனை இடங்களில் மாட்டிக்கொண்டீர்கள்? பாட எண், எத்தனை பிரியடு கூடுதலாக ஆனது என்று குறித்து அனுப்புங்கள். வேதியியல், கணக்கு ஆசிரியர்களையும் கேளுங்கள். வருவதை அப்படியே இங்கே போடுகிறேன்.