படி 7,980, வாடகை 16,000: சரவணம்பட்டியிலிருந்து ஒரு கடிதம்

கேள்வி: மத்திய அரசு ஊழியன், வேலை கோவை நகருக்குள். அடிப்படைச் சம்பளம் 39,900. வீட்டு வாடகைப்படி 7,980 வருகிறது. சரவணம்பட்டியில் இரண்டு படுக்கையறை வீட்டுக்கு வாடகை 16,000, பராமரிப்பு 1,500. கைக்கு 66,000 வந்தும் 20ஆம் தேதிக்கு மேல் தள்ள முடியவில்லை. அரசு தரும் படி பாதி வாடகைக்குக்கூடக் காணாது. 55 லட்சத்துக்கு ஒரு ஃபிளாட் பார்த்திருக்கிறோம், வாங்கிவிடலாமா? நண்பர் ஒருவர் வாடகையைக் கிரெடிட் கார்டில் கட்டினால் பாயின்ட் சேரும் என்கிறார். வங்கியில் ஒரு தனிநபர் கடனும் ஓடுகிறது (இஎம்ஐ 12,500). வரும் தை மாதம் அக்கா மகள் கல்யாணம், தாய்மாமன் சீருக்கு 4 லட்சம் தேவைப்படும்.

பதில்: கடிதத்தின் முக்கால்வாசி வாடகையைப் பற்றியது. கடனுக்கு அடைப்புக்குறிக்குள் இடம் கொடுத்திருக்கிறீர்கள். பிறகு உங்களிடம் கடன் கணக்கைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் உங்கள் புகார். அது நியாயமானதுதான். வாடகைப்படிக்கும் கோவையின் வாடகைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. மக்கள்தொகையை வைத்து ஊரைத் தரம் பிரிக்கிறார்கள். 50 லட்சத்துக்கு மேல் எக்ஸ், 5 முதல் 50 லட்சம் வரை ஒய், அதற்குக் கீழே இசட். கோவையும் ஈரோடும் திருப்பூரும் சேலமும் ஒரே ஒய் பட்டியலில்தான் இருக்கின்றன. ஐடி கம்பெனிகள் வந்து, உங்கள் சரவணம்பட்டி இருக்கும் சத்தி ரோட்டில் வாடகை ஏறியது அந்தப் பட்டியலுக்குத் தெரியாது. வாடகைப்படியின் விழுக்காடும் அகவிலைப்படி 25, 50 விழுக்காட்டைத் தாண்டும்போது மட்டும்தான் நகரும். 2017 ஜூலையில் ஒய் நகரத்துக்கு 16, 2021 ஜூலையில் 18, 2024 ஜனவரியில் 20. அதுவும் அடிப்படைச் சம்பளத்தின் மேல் மட்டும்.

எட்டாவது ஊதியக் குழு வந்தால் நிலுவையில் எல்லாம் அடைத்துவிடலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். போன தடவை என்ன நடந்தது? ஏழாவது குழுவின் சம்பளம் 2016 ஜனவரியிலிருந்து கணக்கானது. வாடகைப்படி 2017 ஜூலையிலிருந்துதான். இடைப்பட்ட ஒன்றரை வருஷத்துக்குப் புது விகிதத்தில் படி நிலுவை கிடைக்கவில்லை. அதோடு ஒய் நகர விழுக்காடு 20லிருந்து 16 ஆனது. வராத காசை நம்பிக் கடன் வாங்கியவர் கடிதம் எங்கள் அலுவலகத்துக்கு வாரம் ஒன்றாவது வருகிறது.

ஒரு விஷயம் உங்களுக்குச் சாதகம். படி கணக்காவது வேலை பார்க்கும் ஊரை வைத்து, குடியிருக்கும் ஊரை வைத்து அல்ல. சத்தி ரோட்டிலேயே கோவில்பாளையம், அன்னூர் பக்கம் தள்ளிப் போனால் வாடகை இறங்கும், 20 விழுக்காடு அப்படியே வரும். பள்ளிக்கூடம், பெட்ரோல் இரண்டையும் பார்த்துவிட்டு வருஷக் கடைசியில் யோசியுங்கள், இப்போது வேண்டாம். அரசுக் குடியிருப்பு (குவார்ட்டர்ஸ்) கிடைத்தால் படி நிற்கும். ஆனால் அதற்குக் கட்டும் லைசென்ஸ் ஃபீ சில நூறு ரூபாய்தான், உங்கள் கணக்குக்கு அது லாபம். காலியிருக்கிறதா என்று விசாரியுங்கள். அப்புறம், அம்மா பெயரில் வாடகை ரசீது போட்டு வரியைக் குறைக்கும் யோசனையை விடுங்கள். புதிய வரி முறையில் வாடகைப்படிக்குக் கழிவே கிடையாது, உங்கள் சம்பளத்துக்கு அதில் வரியும் இல்லை. யாருக்காக ரசீது?

ஃபிளாட் கதை இரண்டு வரியில் முடியும். 55 லட்சம் வீட்டில் 44 லட்சம் கடன், 8 விழுக்காடு, 20 வருஷம் என்றால் இஎம்ஐ சுமார் 36,800. அந்த வீட்டுக்கு வாடகை 16,000 என்றால் வருஷத்துக்கு 1,92,000, அதாவது விலையில் மூன்றரை விழுக்காடு. மூன்றரைக்குக் கிடைப்பதை எட்டுக்கு வாங்கச் சொல்கிறார் புரோக்கர். முன்பணம் 11 லட்சம் எங்கிருந்து வரும் என்று கடிதத்தில் இல்லை.

கிரெடிட் கார்டு பாயின்ட் பற்றி நான் எழுதாத மாதம் இல்லை. நூற்றுக்கு ஒன்றரை ரூபாய் கட்டணம் பிடித்தாலே 16,000க்கு 240 போகிறது. வரும் பாயின்டில் ஒரு பிரஷர் குக்கர் வாங்க எத்தனை வருஷம் ஆகும் என்று நண்பரிடம் கேளுங்கள். ஒரு மாதம் பில் நின்றால் மூன்று ரூபாய் வட்டிக்கு மேல்.

சரி, கடனுக்கு வருவோம். 2022இல் அக்கா மகள் பெரியவளான சீருக்கு 3 லட்சம், 13 விழுக்காடு, 60 மாதம். ஒன்றரை வருஷம் கழித்து மச்சானின் விசைத்தறிக்கு 1.5 லட்சம் டாப்-அப், அதாவது ஓடும் கடனின் மேலேயே கூடுதல் கடன். போன மாதம் அவர்கள் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு 2.5 லட்சம் டாப்-அப். ஒவ்வொரு தடவையும் பழைய பாக்கியைப் புதுக் கடனில் உருட்டி, மறுபடி 60 மாதம் என்று எழுதியிருக்கிறார்கள். 2027இல் முடிய வேண்டிய கடன் 2030க்குப் போய்விட்டது.

கூட்டிப் பாருங்கள். வாங்கியது 7 லட்சம். மூன்று வருஷத்தில் ஏறக்குறைய 2,78,000 கட்டியாயிற்று. செயலாக்கக் கட்டணம், காப்பீடு எல்லாம் சேர்த்து இன்னும் நிற்பது 5.5 லட்சம். இந்த மாதம் போகும் 12,500இல் கிட்டத்தட்ட 6,000 வெறும் வட்டி. தைக்கு இன்னொரு 4 லட்சம் உருட்டினால் இஎம்ஐ 21,600 ஆகும். வாடகைக்கும் படிக்கும் நடுவில் உள்ள பள்ளம் 8,020. உங்களை 20ஆம் தேதி நிறுத்துவது எது என்று நீங்களே சொல்லுங்கள்.

போன மாத டாப்-அப்புக்குப் போனில் நான்கு தட்டுத் தட்டினேன், பணம் கணக்கில் விழுந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். அக்கா போன் வைத்த பத்து நிமிஷத்தில் தட்டியிருக்கிறீர்கள். அதுதான் பழக்கம். சீர் செய்வதை நான் குறை சொல்லவில்லை, கொங்கில் தாய்மாமன் வெறுங்கையோடு மணவறைக்குப் போக முடியாது என்பது எனக்கும் தெரியும். என் மாமா ஒருவர் என் தங்கைக்கு ஒரே ஒரு பவுனும் பட்டுப்புடவையும் பதினொரு தட்டும் வைத்தார். தட்டை எண்ணியவர்கள் எண்ணினார்கள். அவர் கடன் வாங்கவில்லை. தங்கை இன்றைக்கும் அந்த ஒரு பவுனைத்தான் போட்டிருக்கிறாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பல்லடத்துக்கு, அக்கா வீட்டுக்குப் போங்கள். போனில் பேசாதீர்கள், மனைவியைப் பேச விடாதீர்கள், பழி அவர் மேல் விழும். கடன் கணக்குத் தாளை எடுத்துப் போய் அக்காவிடம் காட்டுங்கள். தை வரைக்கும் கையில் எவ்வளவு சேருமோ அவ்வளவுதான் சீர் என்று தொகையைச் சொல்லிவிடுங்கள். அக்கா அழலாம். இரண்டு நாள் பேசாமல்கூட இருக்கலாம்.

மச்சானிடம் தனியாக, தறிக்குக் கொடுத்த 1.5 லட்சத்தை மாதம் 5,000 வீதம் கேளுங்கள். அது சீர் இல்லை, கைமாத்து. நூல் விலை, கூலிப் பிரச்சினை என்று ஆரம்பிப்பார், அதில் உண்மையும் இருக்கும். 5,000 முடியாவிட்டால் 3,000. அவர் 5,000 தந்து அதை அப்படியே இஎம்ஐயோடு சேர்த்துக் கட்டினால், அவர் பாக்கி முடிந்தபின் அந்த 5,000ஐ நீங்கள் போட்டுத் தொடர்ந்தால், 60 மாதம் 39 மாதமாகக் குறையும். முன்கூட்டியே கட்ட அபராதம் உண்டா என்று ஒப்பந்தத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

திங்கட்கிழமை வங்கிக் கிளைக்குப் போய், டாப்-அப் அழைப்பும் விளம்பரச் செய்தியும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.