சிசேரியன் தழும்புக்கு 'கோல்ட் லேசர்' வைக்கலாமா?

கேள்வி: சிசேரியன் ஆகி 4 மாதம். தையல் போட்ட இடம் சிவந்து, கயிறு மாதிரி தடித்திருக்கிறது, அரிப்பும் உண்டு. பக்கத்து பிசியோதெரபி கிளினிக்கில் 'கோல்ட் லேசர்' 10 சிட்டிங் எடுத்தால் மறைந்துவிடும் என்கிறார்கள். எடுக்கலாமா?

பதில்: எடுத்தால் பெரிய கெடுதல் வராது. ஆனால் 'மறைந்துவிடும்' என்கிறார்களே, அதை நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

தோல் மருத்துவர் தழும்புக்கு வைக்கும் லேசர் வேறு. கார்பன் டை ஆக்சைடு லேசர் தோலை நுண்ணிய புள்ளிகளாகச் சுட்டு, அங்கே புதுத் தோல் வளர வைக்கும். உங்களுக்குச் சொல்லப்பட்டது சுடாத லேசர், அதனால்தான் 'கோல்ட்', அதாவது குளிர் லேசர் என்று பெயர். திறன் பெரும்பாலும் அரை வாட்டுக்குள்தான். 600 முதல் 1000 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள சிவப்பு, அகச்சிவப்பு ஒளியை செல்லுக்குள் ஆற்றலைத் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா உறிஞ்சிக்கொள்ள, செல்லின் ஆற்றல் உற்பத்தி கூடுகிறது என்பது இதற்கான விளக்கம். 1960களில் புடாபெஸ்ட் மருத்துவர் எந்த்ரே மெஸ்தர், லேசரால் புற்றுநோய் வருமா என்று பார்க்க எலிகளின் முடியை மழித்து ஒளியைப் பாய்ச்சினார். புற்றுநோய் வரவில்லை, முடிதான் வேகமாக முளைத்தது. அப்புறம் ஆறாத புண்களுக்கும் வைத்துப் பார்த்தார்.

இங்கேதான் குழப்பம். புண் ஆறுவது வேறு, தழும்பு அடங்குவது வேறு. உங்கள் புண் ஆறிவிட்டது. அந்த இடத்தில் கொலாஜன் என்ற புரதம் தேவைக்கு மேல் சேர்ந்ததுதான் இப்போதைய தொல்லை. புற்றுநோய் சிகிச்சையில் வரும் வாய்ப்புண்ணைத் தடுக்க இந்த லேசருக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. தழும்புக்கு நடந்த ஆய்வுகள் சிறியவை, ஒவ்வொன்றிலும் பாய்ச்சிய ஒளியின் அளவு ஒவ்வொரு மாதிரி. அளவு கூடினால் பலன் குறையவும் செய்யும். அதனால் எத்தனை நானோமீட்டர், சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை ஜூல் ஒளி ஆற்றல் என்று கிளினிக்கில் கேளுங்கள். பதில் வராவிட்டால் திரும்பி வந்துவிடலாம்.

தழும்பு முதிர ஒரு வருடம், ஒன்றரை வருடம்கூட ஆகும். 4 மாதத்தில் சிவப்பும் அரிப்பும் இருப்பது சகஜம், பலருக்கு அது தானாகவே தணியும். அந்த நேரத்தில் லேசர் வைத்திருந்தால் பெயர் லேசருக்குப் போய்விடும்!

முதலில் தழும்பின் மேல் ஒட்டும் சிலிகான் ஷீட் போடுங்கள். தினமும் 12 மணி நேரமாவது ஒட்டியிருக்க வேண்டும், குறைந்தது 2, 3 மாதம். வியர்வையில் நழுவினால் சிலிகான் ஜெல் காலை, மாலை தடவலாம்.

தடிப்பு தையல் கோட்டைத் தாண்டிப் பரவினால் அது கீலாய்டாக, அதாவது காயத்தின் எல்லையைத் தாண்டி வளரும் தழும்பாக இருக்கலாம். அதற்குத் தோல் மருத்துவர் டிரையாம்சினோலோன் என்ற ஸ்டீராய்டு ஊசியைத் தழும்புக்குள்ளேயே போடுவார். இன்னொன்று: மாதவிலக்கு திரும்பிய பிறகு, அந்த நாட்களில் மட்டும் தழும்பருகே கட்டி போல வீங்கி வலித்தால் லேசர், ஜெல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். கருப்பையின் உள்சவ்வுத் திசு தழும்பில் வளர்ந்தால் அப்படித்தான் வலிக்கும்.