குறைந்த செலவில் அறையைப் புதிதாக்க: கேள்வி பதில்

சுவர், திரை, விளக்கு, காகிதம், காய்ந்த பூ என்று எதைப் பற்றியும் கேளுங்கள். வயரிங் வேலைக்கு மட்டும் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

கே: அறை முழுக்கப் பழசாகத் தெரிகிறது. செலவழிக்க அதிகம் இல்லை. எங்கே தொடங்குவது?

கடையில் தொடங்காதீர்கள். அறையிலுள்ள சின்னப் பொருள்களை எல்லாம் வெளியே எடுத்து வைத்துவிட்டு, ஒரு நாள் முழுக்க அப்படியே இருந்து பாருங்கள். திரும்ப உள்ளே கொண்டுவரும்போது பல பொருள்கள் தேவையில்லை என்று தெரிந்துவிடும். அப்புறம் படங்களைப் பாருங்கள். பல வீடுகளில் அண்ணாந்து பார்க்கும் உயரத்தில் மாட்டியிருக்கிறார்கள். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து சுமார் 145 முதல் 150 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். ஆணியை இறக்கி அடிப்பதற்குச் செலவே இல்லை.

கே: பழைய பெட்ஷீட்டைத் திரையாகத் தைக்கலாமா?

தாராளமாக. முதலில் ஒருமுறை துவைத்துவிடுங்கள், புதுப் பருத்தித் துணி என்றால் கட்டாயம் துவைக்க வேண்டும், சுருங்கும். கம்பியை ஜன்னல் சட்டத்துக்கு மேல் 10 முதல் 15 செ.மீ. தள்ளி மாட்டி, இரு பக்கமும் கொஞ்சம் நீட்டி விடுங்கள். திரையை ஒதுக்கும்போது கண்ணாடி முழுதும் திறந்து வெளிச்சம் வரும். துணியின் அகலம் ஜன்னலைப்போல இரு மடங்கு வேண்டும். ஜன்னல் அகலத்துக்கே அளந்து வெட்டினால் மடிப்பே விழாது.

கே: சின்ன அறைக்கு எந்த நிறம் அடிக்கலாம்?

உங்கள் அறையின் வெளிச்சம் எனக்குத் தெரியாது. பெரிய அட்டையில் இரண்டு கோட் அடித்து, காலை, மதியம், விளக்கு போட்ட பிறகு என்று மூன்று வேளையும் சுவரில் சாய்த்துப் பாருங்கள்.

கே: வெள்ளை பல்பை மாற்றி மஞ்சள் போடச் சொல்கிறார்கள். அறை இருட்டாகிவிடாதா?

இல்லை. பிரகாசத்தைச் சொல்வது லூமன், நிறத்தைச் சொல்வது கெல்வின். 800 லூமன் பல்பு மஞ்சளான 2700 கெல்வினிலும் கிடைக்கும், வெள்ளையான 6500 கெல்வினிலும் கிடைக்கும். இரண்டும் ஒரே அளவு வெளிச்சம்தான் தரும். பல்பின் பெட்டியில் இரண்டு எண்ணையும் பார்த்து வாங்குங்கள்.

குறுக்கே ஒருவர்: மஞ்சளில் பிள்ளைகள் படிக்க முடியாது. எங்கள் வீட்டில் எல்லாம் வெள்ளைதான்.

இன்னொருவர்: அந்த வெள்ளையில் உட்கார்ந்தால் எனக்குத் தலைவலி வருகிறது.

இருவரும் ஒரே பல்பை வைத்துச் சண்டை போடுகிறீர்கள். கூரை நடுவில் ஒற்றை விளக்கு இருப்பதுதான் கோளாறு. அது மேலிருந்து கொட்டும்போது முகத்தில் நிழல் விழும், மூலைகள் செத்துப்போகும். படிக்கும் மேசைக்கு 4000 கெல்வினில் தனி விளக்கு வையுங்கள். உட்காரும் மூலையில், உட்கார்ந்த கண்மட்டத்துக்குச் சற்றுக் கீழே, மூடியிட்ட 2700 கெல்வின் விளக்கு ஒன்று. இரவில் 6500 வேண்டாம் என்பதற்கு அழகு மட்டும் காரணமில்லை, அதிலுள்ள நீல ஒளி தூக்கத்துக்கான மெலடோனின் சுரப்பைக் குறைக்கும்.

முதலாமவர் மீண்டும்: மஞ்சளில் துணியின் நிறமே மாறித் தெரிகிறதே?

நல்ல கேள்வி. மஞ்சள் சாயல் கொஞ்சம் இருக்கும்தான். ஆனால் சிவப்பு மங்கிச் சேறாகத் தெரிந்தால், பெரும்பாலும் காரணம் மலிவான பல்பு. பெட்டியில் சிஆர்ஐ என்று ஒரு எண் இருக்கும், நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்பதைச் சொல்வது அது. 90க்கு மேல் பார்த்து வாங்குங்கள். அறையில் மற்ற எதிலும் மிச்சம் பிடியுங்கள், பல்பில் பிடிக்காதீர்கள்.

கே: பருவத்துக்கு ஏற்ற அலங்காரம் செய்ய ஆசை. பறித்த இலைகள் இரண்டே நாளில் நொறுங்கிவிடுகின்றன.

கிளிசரினில் ஊற வையுங்கள். ஒரு பங்கு கிளிசரினுக்கு இரண்டு பங்கு வெந்நீர். தடித்த, முற்றிய இலைகளுள்ள கிளையாகப் பறித்து, காம்பின் அடியைச் சாய்வாக வெட்டி லேசாக நசுக்குங்கள். சுமார் 10 செ.மீ. ஆழத்துக்குக் கரைசலை ஊற்றி, வெயில் படாத இடத்தில் இரண்டு மூன்று வாரம் நிறுத்தி வையுங்கள். நரம்பு வழியே நிறம் மாறிக்கொண்டே போவதைப் பார்க்கலாம். இலை பழுப்பாகித் தோல்போல வளையும்போது எடுத்துத் துடைத்துவிடுங்கள். பிறகு வருடக்கணக்கில் நிற்கும். ஏற்கெனவே பழுத்த இலை கரைசலை உறிஞ்சாது. பூவுக்கு இந்த முறை வேண்டாம், இருட்டில் தலைகீழாகத் தொங்கவிட்டால் போதும்.

கே: அந்த இலைகளுக்கு நடுவே மெழுகுவத்தி வைத்தால் அழகாக இருக்குமே?

வைக்காதீர்கள். காய்ந்த இலை, காகிதம், திரை எதற்கும் பக்கத்தில் தீ வேண்டாம். பேட்டரியில் எரியும் எல்இடி மெழுகுவத்தி வாங்கிக்கொள்ளுங்கள்.

கே: ஹாலுக்கு என்ன நிறம் நல்லது?

மேலே சின்ன அறைக்கு, அட்டையில் அடித்துப் பார்க்கச் சொன்னதுதான்.

கே: ஈரம் ஊறிய சுவரை வால்பேப்பர் ஒட்டி மறைக்கலாமா?

கூடாது. பின்னால் பூஞ்சை பரவும். ஒரு பிளாஸ்டிக் தாளின் நான்கு ஓரத்தையும் டேப்பால் சுவரில் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். தாளின் சுவர்ப் பக்கம் நீர்த்துளி படிந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது, கசிவைக் கண்டுபிடித்துச் சரிசெய்யுங்கள். அறைப் பக்கம் படிந்தால் காற்றோட்டம் போதவில்லை. காரணம் தீர்ந்து சுவர் காயும்வரை பெயின்டும் வேண்டாம்.

கே: பெட்ரூமுக்கு எந்த நிறம்?

அட்டை, மூன்று வேளை. நிறக் கேள்விகளுக்கு இனி பதில் இல்லை.

கே: காகித விளக்கு செய்கிறேன், உள்ளே எந்த பல்பு போடலாம்?

எல்இடி மட்டும், அதுவும் காகிதத்தில் படாதபடி. தீயைப் பற்றி மறுபடி சொல்கிறேனே என்று நினைக்காதீர்கள், குண்டு பல்பின் சூடு காகிதத்தைக் கருக்கிவிடும்.

கே: வாடகை வீடு, ஆணி அடிக்க முடியாது.

ஒட்டும் கொக்கி போடுங்கள். சுவரைத் துடைத்து நன்றாகக் காயவிட்டு, அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, ஒரு மணி நேரம் கழித்து மாட்டுங்கள். இழுத்துக் கழற்றும் பட்டையுள்ள வகையாகப் பார்த்து வாங்குங்கள். எடுக்கும்போது அந்தப் பட்டையைச் சுவரை ஒட்டியே கீழ்நோக்கி மெதுவாக இழுக்க வேண்டும். உங்களை நோக்கி இழுத்தால் பெயின்டும் சேர்ந்து வந்துவிடும்.