சித்தப்பாவா, தாய்மாமனா?

கேள்வி: ஒன்பது வயது மகளுக்கு இரவில் எகிப்தியத் தொன்மக் கதைகளைச் சொல்லி வருகிறேன். ஐசிஸின் கணவன் ஒசைரிஸைக் கொன்ற சேத், அவர்கள் மகன் ஹோரஸோடு மோதும்போது எறியீட்டியில் சிக்கித் தவிக்க, ஐசிஸ் அவனை விடுவித்துவிடுகிறாள். “அந்தச் சித்தப்பாவை ஏம்மா விட்டாங்க? ஹோரஸுக்குச் செஞ்ச துரோகம்தானே?” என்று மகள் கேட்கிறாள். இந்தப் பகுதியை விட்டுவிட்டுச் சொல்லலாமா?

பதில்: விட்டுவிட வேண்டாம். ஒசைரிஸின் தம்பி என்பதால், சேத்தை உங்கள் மகள் சித்தப்பா என்று அழைத்தது சரியே. ஆனால் ஒசைரிஸ், ஐசிஸ், சேத், நெப்திஸ் ஆகிய நால்வருமே நிலத்தின் தெய்வமான கெப்புக்கும் வானத்தின் தெய்வமான நூட்டுக்கும் பிறந்தவர்கள்; உடன்பிறந்தோரே மணந்துகொண்ட அந்தக் குடும்பத்தில் சேத், ஹோரஸுக்குத் தாய்மாமனும் ஆகிறான். இரண்டு உறவுக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கும் மொழிகளில் கதையைப் படிப்போர் இதை எளிதில் கடந்துபோய்விடலாம். நம்மால் அப்படிக் கடக்க முடியாது.

கி.மு. 12ஆம் நூற்றாண்டில், ஐந்தாம் ராம்செஸின் காலத்தில் எழுதப்பட்டு இன்று டப்ளினில் பாதுகாக்கப்படும் பாப்பிரஸ் சுருளில் இக்காட்சி விரிவாக வருகிறது. ஒசைரிஸின் அரியணை மகனுக்கா, தம்பிக்கா என்ற வழக்கு தேவர்கள் அவையில் 80 ஆண்டுகள் இழுபடுகிறது. நடுவே சேத், இருவரும் நீர்யானைகளாக மாறி மூன்று மாதம் நீருக்கடியில் இருப்போம், முன்னதாக மேலே வருபவன் தோற்றவன் என்று அறைகூவுகிறான். மகனுக்கு என்ன ஆகுமோ என்று அஞ்சிய ஐசிஸ், செம்பில் எறியீட்டி செய்து கயிறு கட்டி நீருக்குள் எறிகிறாள். அது முதலில் ஹோரஸின் மேலேயே பாய்கிறது. “அம்மா, நான் உன் மகன்” என்று அவன் அலற, ஈட்டியை விலகச் சொல்கிறாள். இரண்டாம் முறை அது சேத்தைத் தைக்கிறது. நான் உனக்கு என்ன தீங்கு செய்தேன், உன் தாய் வயிற்றில் பிறந்தவன் அல்லவா, என்னைவிட அந்த அந்நியன் உனக்குப் பெரியவனா என்று அவன் கதறுகிறான். அந்நியன் என்று அவன் குறிப்பிடுவது அவள் பெற்ற மகனை! அண்ணனைக் கொன்ற சித்தப்பா, உயிருக்கு ஆபத்து வந்ததும் தாய் வழியைப் பிடித்துக்கொள்கிறான்.

ஐசிஸ் ஏமாளி அல்லள். இதே கதையில் சற்று முன்புதான் அவள் அழகிய இளம்பெண்ணாக உருமாறி, இறந்த கணவனின் கால்நடைகளை ஓர் அந்நியன் தன் மகனிடமிருந்து பறிக்கப் பார்க்கிறான் என்று சேத்திடம் முறையிட்டு, அது அநியாயம் என்று அவன் வாயாலேயே சொல்லவைத்திருந்தாள். அவ்வளவு தெளிவுள்ளவள்தான் இங்கே மனம் இளகுகிறாள். மகனின் குரலுக்குப் பணிந்த ஈட்டியை உடன்பிறந்தவனின் குரலுக்குப் பணியாதே என்று சொல்ல அவளால் முடியவில்லை. இதைத் துரோகம் என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

ஹோரஸுக்கு அது துரோகம்தான். சிறுத்தையைப் போன்ற சீற்றத்துடன் வெளியே வந்து, தாயின் தலையை வெட்டி எடுத்துக்கொண்டு மலையேறிவிடுகிறான். ஆனால் தேவர்கள் தண்டிக்கப் புறப்படுவது ஐசிஸை அன்று, ஹோரஸை. கதை எந்தக் குற்றத்தைப் பெரிதாக எண்ணியது என்பது இதிலேயே விளங்குகிறது.

ஒன்பது வயதுக் குழந்தைக்கு உறங்கும் நேரத்தில் தலை வெட்டப்படுவது தேவையில்லை என்று நீங்கள் கருதினால், பிற்காலத்தில் கிரேக்க மொழியில் இக்கதையை எழுதிய புளூட்டார்க்கின் வடிவத்தைச் சொல்லலாம். அதில் ஐசிஸ், கட்டுண்டு கிடந்த சேத்தை அவிழ்த்துவிடுகிறாள். ஹோரஸ் அவளுடைய மகுடத்தை மட்டும் பறிக்கிறான். அதற்கு ஈடாகப் பசுத்தலை வடிவக் கவசம் ஒன்று அவளுக்குச் சூட்டப்படுகிறது.

நெப்திஸைப் பற்றியும் ஒரு நாள் சொல்லுங்கள். சேத்தின் மனைவியாக இருந்தும், அவன் கொன்ற அண்ணனுக்காக ஐசிஸோடு சேர்ந்து அழுதவள் அவள். புளூட்டார்க் சொல்லும்படி, ஒசைரிஸுக்கும் அவளுக்கும் பிறந்து, சேத்துக்கு அஞ்சிக் கைவிடப்பட்ட அனுபிஸைத் தேடிக் கண்டுபிடித்து வளர்த்தவளும் ஐசிஸே. இதை மகள் சற்று வளர்ந்தபின் சொல்லலாம்.

வழக்கின் முடிவை மட்டும் மறக்காமல் சொல்லிவிடுங்கள். சேத்தை விலங்கிட்டுக் கொண்டுவரும்படி ஆதும் தெய்வம் ஆணையிடுவது ஐசிஸுக்குத்தான். அவளும் அப்படியே கொண்டுவந்து நிறுத்துகிறாள். அரியணை ஹோரஸுக்கே உரியது என்று சேத் அங்கே ஒப்புக்கொள்கிறான். அவனைக் கொன்றுவிடுவதில்லை, சூரியதேவன் ரா தன் மகனைப் போல உடன் வைத்துக்கொள்ள, அவன் வானத்தில் இடியாய் முழங்கத் தொடங்குகிறான்.