மகன் ஏன் என்னைக் கண்டு ஒதுங்குகிறான்?

கேள்வி: நான் பாம்பன் பகுதியில் விசைப்படகில் தொழில் செய்கிறேன். என் மகனுக்குப் பதினொரு வயது. நான் வீட்டுக்குள் நுழைந்தாலே பேச்சை நிறுத்திவிடுகிறான். எது வேண்டுமென்றாலும் அம்மாவிடம்தான் கேட்கிறான். சென்ற மாதம் மறைக்கல்வி வகுப்புக்குப் போகாமல் பொய் சொன்னதற்காக அடித்துவிட்டேன். அன்று முதல் முகம் கொடுத்தே பேசுவதில்லை. பிரம்பைக் கையாளாதவன் மகனை வெறுக்கிறான் என்று விவிலியமே சொல்கிறது. என் தகப்பனாரும் என்னை அடித்துத்தான் வளர்த்தார். கிறிஸ்தவத் தகப்பனாக நான் எங்கே தவறினேன்?

பதில்: அன்புச் சகோதரருக்கு வணக்கம். முதலில் அந்த வசனத்தைப் பார்த்துவிடுவோம். நீங்கள் குறிப்பிடுவது நீதிமொழிகள் 13:24. அங்கே பிரம்பு என்று வரும் எபிரேயச் சொல்தான் 'ஆண்டவர் என் ஆயர்' என்று தொடங்கும் 23ஆம் திருப்பாடலிலும் வருகிறது. அங்கே அந்தக் கோல் ஆட்டுக்கு ஆறுதல் தருகிறது. ஆகவே வழி தவறும் பிள்ளையைக் கண்டித்துத் திருத்தும் கடமை தகப்பனுக்கு உண்டு என்பதை அந்த வசனத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம். கோபத்தில் கை நீட்டுவதற்கு அதில் அனுமதி தேட முடியாது. பிள்ளைகள்மேல் தகப்பனுக்கு ஏறக்குறைய எல்லையற்ற அதிகாரத்தை உரோமைச் சட்டம் கொடுத்திருந்த காலத்தில்தான், திருத்தூதர் பவுல் எபேசியருக்கு எழுதும்போது தந்தையரைத் தனியே அழைத்து, பிள்ளைகளுக்கு எரிச்சல் மூட்டாதீர்கள் என்றார். கொலோசையருக்கு எழுதியபோது காரணத்தையும் சொன்னார்: அவர்கள் மனம் தளர்ந்து போவார்கள். உங்கள் மகனின் மௌனத்தில் எனக்குத் தெரிவது அந்தத் தளர்ச்சிதான்.

ஆனால் அந்த ஓர் அடியினால் மட்டும் இது வந்ததாக நான் நினைக்கவில்லை. நீங்கள் அனுமதி டோக்கன் வாங்கிக் கடலுக்குப் போனால் மறுநாள் காலையில்தான் கரை திரும்புகிறீர்கள். மீனை இறக்கி, கணக்குப் பார்த்து வீடு வரும்போது அவன் பள்ளிக்கூடத்தில் இருக்கிறான். அவன் திரும்பும் நேரம் நீங்கள் இரவெல்லாம் விழித்த களைப்பில் தூங்குகிறீர்கள். குடும்பத்துக்காக உடம்பை வருத்தும் உங்களை இதற்காக ஒருவரும் குறை சொல்ல முடியாது. ஆனாலும் அந்த அடிக்கு முன்னால் உங்கள் கை கடைசியாக எப்போது அவன் தோளில் பட்டது என்று யோசித்துப் பாருங்கள்.

நானும் இந்தக் கரையில் வளர்ந்தவன்தான். என் தகப்பனார் நாட்டுப்படகில் தொழில் செய்தவர், அவரும் அடித்திருக்கிறார். எதற்காக அடித்தார் என்பது எனக்கு இப்போது நினைவில் இல்லை. மாலை வெயிலில் மணலில் உட்கார்ந்து, வலையின் ஒரு முனையைக் கால் பெருவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு அவர் கிழிசலைப் பின்னுவார். நான் பக்கத்தில் அமர்ந்து ஊசியில் நூல் சுற்றிக் கொடுப்பேன். வாடை எப்போது திரும்பும், கச்சான் காற்று எப்போது வலுக்கும் என்று பின்னிக்கொண்டே சொல்வார். நான் சுற்றிய ஊசி சிக்கிக்கொண்டால் ஒரு வார்த்தையும் சொல்லாமல் பிரித்துத் திரும்ப என் கையிலேயே கொடுப்பார். அவரை நம்பலாம் என்று எனக்குத் தெரிந்தது அங்கேதான்.

மாற்கு நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் செபதேயு என்ற தகப்பனை நாம் பார்ப்பதும் இப்படி ஓர் இடத்தில்தான். அவருடைய மக்கள் யாக்கோபும் யோவானும் படகில் வலைகளைச் சீர்ப்படுத்திக்கொண்டிருக்கிறார்கள். தகப்பனும் அதே படகில் இருக்கிறார். இயேசு அழைத்ததும் அவர்கள் எழுந்து போகிறார்கள். அவர் தடுத்ததாக நற்செய்தி சொல்லவில்லை. நாளை உங்கள் மகன் கடல் வேண்டாம், படிக்கிறேன் என்றால் செபதேயுவை நினைத்துக்கொள்ளுங்கள்.

இயேசுவை வளர்த்த தந்தை சூசையப்பர் பேசிய ஒரு வார்த்தைகூட நற்செய்திகளில் இல்லை. ஆனால் பன்னிரண்டு வயதுப் பிள்ளையைக் காணாமல் எருசலேமுக்குத் திரும்பி, மூன்றாம் நாள் கோவிலில் கண்டபோது, உன் தந்தையும் நானும் கவலையோடு தேடினோம் என்று மரியா சொல்கிறார். தேடிப் போவதும் தகப்பனின் வேலை. குழந்தை பிறந்ததால் மட்டும் ஒருவர் தந்தையாகிவிடுவதில்லை, அதன் பொறுப்பை ஏற்கும்போதுதான் ஆகிறார் என்ற கருத்தை, திருத்தந்தை பிரான்சிஸ் 2020 டிசம்பர் 8 அன்று சூசையப்பரைப் பற்றி வெளியிட்ட மடலில் எழுதினார்.

உங்களுக்கு நல்ல காலம் ஒன்று வருகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மே மாதம் அவனுக்கும் விடுமுறை. பணத்துக்கு நெருக்கடியான நாட்கள்தான் என்பதை அறிவேன். ஆயினும் வருடத்தில் வேறெப்போதும் இத்தனை நாள் நீங்கள் இருவரும் ஒரே கூரையின்கீழ் இருக்கப்போவதில்லை. முதல் வேலையாக அவனிடம் மன்னிப்புக் கேளுங்கள். 'நீ பொய் சொன்னது தவறு. நான் அடித்ததும் தவறு' என்றால் போதும். 'ஆனால்' என்று தொடங்கி எதையும் சேர்க்காதீர்கள். தகப்பன் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டால் மதிப்புக் குறையும் என்பவர்கள் நம் ஊரில் உண்டு. 'எங்கள் குற்றங்களை மன்னியும்' என்று நாள்தோறும் செபிக்கும் வீட்டில் பிள்ளை அதை முதலில் தகப்பனிடம் பார்க்கட்டும். மறைக்கல்விக்கு ஏன் போகவில்லை என்று பிறகு கேளுங்கள். செபம் மனப்பாடமாகாமல் மற்றப் பிள்ளைகள் முன் நிற்கக் கூசியிருக்கலாம். ஞாயிறு பூசைக்கு அவனை அனுப்பிவிட்டு நீங்கள் வீட்டில் இருக்கவும் கூடாது.

படகைக் கரையேற்றிப் பழுது பார்த்து வர்ணம் பூசும் நாட்களில் அவன் கையிலும் ஒரு பிரஷைக் கொடுங்கள். கோடு கோணலானாலும் அவன் பூசியது அப்படியே இருக்கட்டும். ஒரு நாள் இருவரும் மட்டும் ஓரியூர் போய் வாருங்கள். 1693 பிப்ரவரி 4 அன்று மறைப்பணியாளர் புனித அருளானந்தர் விசுவாசத்துக்காக உயிர் கொடுத்த செம்மண்ணைக் காட்டி, அவர் கதையை நீங்களே உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள். வழியில் நடக்கும்போதும் பிள்ளைகளுக்குச் சொல் என்ற இணைச்சட்ட நூலின் கட்டளை அந்தப் பேருந்துப் பயணத்துக்கும் பொருந்தும். தகப்பனாக இருப்பதன் மகிழ்ச்சி என்னவென்று நீங்கள் என்னிடம் கேட்கவில்லை. திரும்பி வரும் வழியில் அவன் உங்கள் தோளில் சாய்ந்து தூங்கினால் அதை நீங்களே அறிவீர்கள்.

அவன் திருமுழுக்கு அன்று குருவானவரோடு நீங்களும் உங்கள் கட்டைவிரலால் அவன் நெற்றியில் சிலுவை வரைந்தீர்கள். ஜூனில் மீண்டும் கடலுக்குப் போகத் தொடங்கியதும், வீட்டைவிட்டுக் கிளம்பும் முன் அந்தச் சிலுவையை வரைந்துவிட்டுப் போங்கள். முதல் சில நாட்கள் கூச்சத்தில் தலையைத் திருப்பிக்கொள்வான்; விட்டுவிடாதீர்கள்.